தொரை இன்னும் பழகல

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க அண்ணி, அதுல ஒரு கால் சும்மா பேருக்குத்தான் இருக்கு. இந்த பக்கெட்டக் கவுத்துப் போடறேன், இதுல உக்காருங்க. சுத்தமாத்தான் இருக்கு. சரி, சுத்தம்னு சத்தியம் பண்ண முடியாது, ஈரம் இல்ல. நானே இதுலதான் உக்காந்து நறுக்கறேன். இல்லல்ல, கெளம்பறதப் பத்தி அப்புறம் பேசலாம். வந்து மூச்சுகூட விடல, அதுக்குள்ள துணிய மடி, பைய எடுன்னா எப்படி? இந்தப் பூசணிக்காயெல்லாம் யாரு நறுக்கறது? உள்ள இருக்கறவங்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் லேட்டானா கூரையப் பிச்சுடுவாங்க. உங்க தம்பியாவது தட்டத்தான் தள்ளி விடுவாரு.

நாத்தமா? இருக்கும். மூக்குல கைக்குட்டைய வெச்சா இன்னும் ஜாஸ்தியாத் தெரியும். எடுத்துடுங்க, கொஞ்ச நேரத்துல மூக்கு சமாதானம் ஆயிடும். எனக்கு வந்த புதுசுல தலகாணி, தட்டு, தண்ணி எல்லாத்துலயும் இதே வாசனதான். இப்ப என்னடான்னா உங்க சென்ட் வாசனதான் எனக்குக் கொமட்டுது. கோச்சுக்காதீங்க, உள்ளதச் சொன்னேன்.

நான் எளச்சுட்டேனா? நல்லாப் பாருங்க அண்ணி. கன்னத்துல சத போட்டிருக்கு. நீங்க வீட்டுலேந்து கெளம்பும்போதே எளச்சுட்ட, கருத்துட்டன்னு சொல்லணும்னு முடிவு பண்ணிட்டு வந்திருப்பீங்க. கருத்தது உண்மதான். வெயில்ல நடக்கறேன்ல. உங்க தம்பி எளச்சுட்டாரா? ஐயோ பாவம். கடச் சாப்பாடு ஒத்துக்கலயா? நீங்க பக்கத்துத் தெருவுலதான இருக்கீங்க, ரெண்டு வாய் சேத்து வடிச்சா ஆச்சு. உங்க சமையல் அவருக்கு எறங்காதா? அது எனக்குத் தெரியும். கல்யாணமான மொத வாரமே சொல்லிட்டாரு.

நான் ஏன் வரலன்னு உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தொரை இன்னும் முழுசாப் பழகல. ஒவ்வொரு தடவ போன் பண்ணும்போதும் அவரு அதான் கேக்கறாரு, நானும் அதான் சொல்றேன். பாதில விட்டுட்டு வந்தா பட்ட கஷ்டமெல்லாம் வீணாப் போயிடும். உயிர் விஷயம் அண்ணி.

கொரங்குன்னு சத்தமாச் சொல்லாதீங்க, டாக்டரம்மா காதுல விழுந்தா ஒரு மணி நேரம் பாடம் எடுப்பாங்க. சிம்பன்சி. வால் இல்லாதது கொரங்கு இல்லயாம். அப்படிப் பாத்தா நம்ம குடும்பத்துல ஒருத்தரும் கொரங்கு இல்ல. எனக்கு அதுல சந்தேகம் உண்டு.

எங்க இருக்கானா? அந்த ஜன்னல் வழியா பாருங்க. சுத்தி தண்ணிப் பள்ளம் தெரியுதா, நடுவுல மேடு, மரம். தண்ணியத் தாண்டி வர மாட்டாங்க, அவங்களுக்கு நீச்சல் தெரியாது. மரத்தடில கும்பலா உக்காந்திருக்காங்களே, அதுல ஒருத்தன்தான். கண்டுபுடிங்க பாப்போம். அது இல்ல, அது பொம்பள. அதுவும் இல்ல, அது மேஸ்திரி, இங்க இருக்கறதுலயே பெரிய ஆளு. பாத்தீங்களா, எட்டு வருஷம் உங்க மடியில ஏறி எறங்கினவன், கோட்டும் டையும் இல்லன்னா உங்களுக்கு அடையாளம் தெரியல. அந்தக் கெழவி இருக்கால்ல, பெரியம்மான்னு கூப்பிடுவோம், அவளுக்குப் பக்கத்துல, காது ஓரம் கிழிஞ்சு இருக்கே, அவன்தான். காது எப்படிக் கிழிஞ்சுதுன்னு சொல்றேன், அவசரப்படாதீங்க. கை சும்மாத்தான இருக்கு, அந்தக் கத்திய எடுத்து ரெண்டு கிழங்க நறுக்குங்க. வேண்டாமா? சரி, விடுங்க.

உங்க தம்பி அவனக் கொண்டாந்த அன்னிக்கு நீங்களும் வீட்டுல இருந்தீங்க. ஒரு துண்டுல சுத்தி, கையளவு இருந்தான். எவனோ சர்க்கஸ்காரன் கூடாரத்தக் கலச்சுட்டுப் போறப்போ குடுத்துட்டுப் போனான்னாரு. எல்லார் கையிலயும் போன்ல கேமரா வந்து, நம்ம ஸ்டுடியோல ஈ ஓட்டிக்கிட்டிருந்த காலம். மனுஷனுக்கு அன்னிக்கு மூள ஓடுச்சு பாருங்க, அப்படி ஒரு ஓட்டம் அதுக்கு முன்னயும் ஓடல, பின்னயும் ஓடல. அளவெடுத்து ஒரு கோட்டு, ஒரு பேன்ட்டு, செவப்பு டை. பாக்கறதுக்கு தொரை மாதிரியே இருக்கான்னு நீங்கதான் சொன்னீங்க, பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. மாளிகைப் படிக்கட்டு வரஞ்ச அந்தத் திரைக்கு முன்னால அவன நிக்க வெச்சு, ஊரே குடும்பம் குடும்பமா வந்து படம் எடுத்துக்கிச்சு.

படம் எடுக்கறது உங்க தம்பி. மத்ததெல்லாம் நான். குளிப்பாட்டறது, பவுடர் போடறது, பல்லு தேய்க்கறது, டை கட்டறது, பின்னாடி ரூம்ல அவன் போட்டு வெக்கறத அள்ளறது. கொழந்த இல்லாத வீட்டுக்குக் கடவுளாப் பாத்துக் குடுத்த கொழந்தன்னு நீங்க சொன்னீங்க. ஞாபகம் இல்லயா? எனக்கு இருக்கு. அப்ப நான் அள்ளிக்கிட்டிருந்தேன்.

நான் வீட்ட விட்டு வெளிய போறதுன்னா, உங்க தம்பி முன்னாடி கடையில இருப்பாரு, தொரையத் தனியா விட்டா கண்ணாடி, கதவு, விளக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால நீ இரு. எதுக்குக் கேட்டாலும் அதான். தொரை தனியா இருக்க மாட்டான், நீ இரு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போகல. அன்னிக்கு தொரைக்கு வயித்தால போச்சு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்து, சாப்பாடு பிரமாதம், பொண்ணு அழகா இருந்தான்னு சொன்னீங்க. எங்க அம்மா, அவ எங்கன்னு என்னக் கேட்டாங்களாம், வயித்தாலன்னு சொன்னாராம் உங்க தம்பி. யாருக்குன்னு சொல்லல. எங்க அம்மா ஒரு வாரம் எனக்கு போன் பண்ணி மருந்து சொன்னாங்க.

சிரிங்க அண்ணி, சிரிச்சா ஒண்ணும் ஆயிடாது. நானும்தான் சிரிச்சேன்.

சரி, அந்த பேங்க் மேனேஜர் விவகாரம். உங்க தம்பி உங்ககிட்ட எப்படிச் சொன்னாரோ தெரியாது, நான் லைட்டப் புடிச்சுக்கிட்டு அங்கயே நின்னேன். அந்த ஆளு வெளயாட்டுக்கு தொரையோட டையப் புடிச்சு ஒரு இழு இழுத்தாரு. தொரை வெளயாட்டுக்கே அவரு டையப் புடிச்சு இழுத்தான். என்ன, தொரை இழுத்தா அஞ்சாறு ஆளு சேந்து இழுத்த மாதிரி. மேனேஜருக்கு முழி பிதுங்கிடுச்சு, நாக்கு வெளிய வந்துடுச்சு. நான் வாழப்பழத்தக் காட்டினதால ஆளு பொழச்சாரு. மறுநாளே புகார் பண்ணிட்டாரு. வண்டி வந்துது, வனத்துறை அதிகாரிங்க வந்தாங்க, ஊசி போட்டுத் தூங்க வெச்சு இந்தக் காப்பகத்துக்குத் தூக்கிட்டுக் கெளம்பினாங்க. உங்க தம்பி வண்டி முன்னால ரோட்டுல படுத்துக்கிட்டாரு. டிரைவர் பாத்தான், பின்னால எடுத்து அடுத்த சந்து வழியாப் போயிட்டான். இவரு வண்டி போனது தெரியாம ரொம்ப நேரம் படுத்திருந்தாரு. நான்தான் போயி எழுப்பினேன்.

இங்க வந்து தொரை சாப்பிடல. தண்ணிகூடக் குடிக்கல. ஒரு மூலையில சுவத்தப் பாத்து உக்காந்துக்கிட்டு, கையில இருக்கற முடிய ஒவ்வொண்ணாப் புடுங்கிப் புடுங்கி எடுத்திருக்கான். டாக்டரம்மா பயந்துபோயி போன் பண்ணாங்க, இவனுக்குச் சாப்பாடு குடுத்துப் பழக்கமானவங்க யாராவது வாங்கன்னு. உங்க தம்பி குளிச்சு, வெள்ளச் சட்ட போட்டு, தல சீவி, மாப்பிள்ள மாதிரி கெளம்பினாரு. நான் பழப்பையத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வந்தேன். கம்பிக்கு முன்னால போயி நின்னு, கண்ணு கலங்கி, தொரை, அப்பா வந்திருக்கேன்னாரு. தொரை திரும்பிப் பாத்தான். பக்கத்துல கெடந்தத கை நெறைய அள்ளினான். ஆமா அண்ணி, அதத்தான். வெள்ளச் சட்டையில நடு நெஞ்சுல வந்து விழுந்துது.

பாசத்துல தூக்கிப் போட்டான்னு சொன்னாரா? இருக்கலாம். ஆனா குறி பாத்துத்தான் போட்டான், அது நான் கண்ணால பாத்தது.

அவரு குழாயத் தேடிப் போனாரு. டாக்டரம்மா என்னப் பாத்தாங்க. நீங்க யாருன்னாங்க. பை தூக்கிட்டு வந்தேன்னு சொன்னேன். அதுக்குள்ள உள்ளேந்து ஒரு சத்தம். மொனகற மாதிரி, ஊ ஊன்னு. தொரை கம்பிகிட்ட வந்து கைய வெளிய நீட்டி என் துணியோட நுனியப் புடிச்சுக்கிட்டான். ஒரு வாழப்பழத்த உரிச்சுக் குடுத்தேன். தின்னான். இன்னொண்ணு. பையே காலியாயிடுச்சு. டாக்டரம்மா சொன்னாங்க, ஒரு வாரம் இருந்துட்டுப் போங்கன்னு. உங்க தம்பிக்கு மொகம் விழுந்துடுச்சு. ஆனா தொரைக்காகன்னா மாட்டேன்னு சொல்ல முடியுமா? சரி, நீ இருன்னாரு. வாழ்க்கையில மொத தடவயா அவரு நீ இருன்னு சொன்னது வேற எடத்துல. மாத்துத் துணிகூடக் கையில இல்லாம நான் இங்க நின்னேன்.

இல்ல, சம்பளம் அப்ப கெடையாது. இப்ப குடுக்கறாங்க. எவ்வளவுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

இங்க அவன் பட்ட பாட்டக் கேளுங்க. மொதல்ல பேன்ட்டு. ஊசி போட்டுத் தூக்கிட்டு வந்தப்போ கோட்டயும் டையயும் கழட்டிட்டாங்க, பேன்ட்டக் கழட்டறதுக்குள்ள முழிச்சுக்கிட்டான். அப்புறம் யாரையும் கிட்ட விடல. அது கிழிஞ்சு, நாறி, பட்டனெல்லாம் போயி, ஒரு கையால இடுப்புல புடிச்சுக்கிட்டே நடப்பான். மானஸ்தன். டாக்டரம்மா பொறுமையா இருங்க, அவனா விடுவான்னாங்க. அவன் எங்க விட்டான்? பக்கத்துக் கூண்டுல ரவுடின்னு ஒரு சின்னப் பொண்ணு இருந்தா. அவ கம்பி வழியா கையவிட்டு எட்டிப் புடிச்சு ஒரே உருவா உருவிட்டா. உருவித் தலையில மாட்டிக்கிட்டு கூண்டு முழுக்க ஊர்வலம் போனா. தொரை ரெண்டு கையாலயும் மறச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாத்தான். நான் என்ன பண்ண முடியும்? எல்லாரும் அப்படித்தான்டா இருக்காங்கன்னு சொன்னேன். அவன் சுத்திப் பாத்தான். உண்மதான்னு பட்டிருக்கும் போல. அன்னிக்குச் சாயங்காலமே கைய எடுத்துட்டான்.

கிழங்கு அவ்வளவு பெருசா வேண்டாம் அண்ணி, கட்டவெரல் அளவு போதும். பெருசா இருந்தா மேஸ்திரி ஒருத்தனே அமுக்கிடுவான். ஆங், அப்படித்தான். உங்களுக்குக் கை நல்லா வருது.

அப்புறம் இந்தச் சிரிப்பு விஷயம். நம்ம ஸ்டுடியோல உங்க தம்பி கேமராவத் தூக்கிட்டு, தொரை ஸ்மைல்னு சொன்னா பல்லு மொத்தமும் தெரிய இளிப்பான்ல. அத வெச்சுத்தான வியாபாரமே. இங்க வந்த புதுசுல யாரு உள்ள வந்தாலும் அதே மாதிரி இளிச்சான். நான் பெருமையா டாக்டரம்மாகிட்ட சொன்னேன், பாருங்க, எவ்வளவு சிரிச்ச மொகம்னு. டாக்டரம்மா மெதுவா சொன்னாங்க, அது சிரிப்பு இல்ல. பயந்தா அவங்க அப்படித்தான் பல்லக் காட்டுவாங்க. ரொம்ப, ரொம்பப் பயந்தாத்தான் அவ்வளவு பல்லு தெரியும்னாங்க.

நம்ம கடைச் சுவரு முழுக்க மாட்டியிருக்கே, அத்தன படம். ஒவ்வொண்ணுலயும் நடுவுல அவன் நடுங்கிக்கிட்டு நிக்கறான், சுத்தி குடும்பமே பல்லக் காட்டுது. நம்ம குடும்பப் படம் ஒண்ணு மேல மாட்டியிருக்குல்ல, நீங்க, உங்க வீட்டுக்காரரு, உங்க தம்பி, நான். அதுல நானும் நல்லாத்தான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறேன். சரி, அது கெடக்கட்டும்.

நெசமாவே சிரிச்சா எப்படி இருக்கும்னா, மேல் பல்லு தெரியாது. வாய் தொங்கும், ஹா ஹா ஹான்னு மூச்சு வாங்கும், ஆஸ்துமாக்காரன் மாடி ஏறின மாதிரி. ரவுடி அவன் கால்ல கிச்சுக்கிச்சு மூட்டினா அப்படிச் சிரிக்கறான். எட்டு வருஷம் வளத்தேன், நான் அத ஒரு தடவகூடப் பாத்ததில்ல.

அடுத்தது புல்லு. தொரைக்குப் புல்லுன்னா பயம். நம்பவே மாட்டீங்க. சிமெண்ட்டுத் தரையிலயே பொறந்து வளந்தவனா, கதவத் தொறந்து வெளிய போடான்னா, வாசப்படில உக்காந்துக்கிட்டு ஒரு வெரல நீட்டி புல்லத் தொடுவான், சுட்ட மாதிரி வெடுக்குன்னு எடுத்துடுவான். அப்புறம் மேல பாப்பான். கூரை இல்ல. உடனே தலையில கைய வெச்சுக்கிட்டு உள்ள ஓடிடுவான். மத்தவங்கெல்லாம் கூண்டுக் கம்பி வழியா வேடிக்க பாப்பாங்க. மானம் போச்சு எனக்கு. பையன பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, அவன் அழறத மத்த அம்மாமாருங்க பாக்கற மாதிரி இருக்கும்.

நான் ஒண்ணு பண்ணேன். மத்தவங்கள உள்ள அடச்சிருந்த நேரத்துல, கதவுலேந்து அந்த மரம் வரைக்கும் பழைய சாக்க வரிசையா விரிச்சேன், மந்திரி வரும்போது கம்பளம் விரிப்பாங்களே, அப்படி. தொரை ஒவ்வொரு சாக்கா அடியெடுத்து வெச்சு, சாக்க விட்டு ஒரு வெரல் வெளிய போகாம மரம் வரைக்கும் போனான். மரத்தத் தொட்டுப் பாத்தான், மோந்து பாத்தான், திரும்பி அதே சாக்குல வந்தான். அப்புறம் நாளுக்கு ஒரு சாக்க எடுத்துட்டே வந்தேன். நடுவுல எடவெளி வந்தா தாண்டுவான். கடைசியா ஒரே ஒரு சாக்கு மிச்சம் இருந்தப்போ அதத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு புல்லுல நடந்து போயிட்டான். டாக்டரம்மா கை தட்டினாங்க. என்ன யோசனம்மா இதுன்னாங்க. எனக்கு யாரும் கை தட்டினதே இல்லயா, என்ன பண்றதுன்னு தெரியாம பூசணிக்காய நறுக்கப் போயிட்டேன்.

காது. ஆமா, காதுக்கு வரேன்.

மேஸ்திரிய மொதல் தடவ நேருக்கு நேரா விட்டாங்க. அவன்தான் இங்க ராஜா. அவன் வந்தா மத்தவங்க குனிஞ்சு, அஹ் அஹ் அஹ்னு மொனகி வழி விடணும், அதான் மரியாதை. நம்மாளுக்கு அதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? உங்க தம்பி சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான். மேஸ்திரி முடிய சிலுப்பிக்கிட்டு மல மாதிரி வந்து நிக்கறான், தொரை நிமிந்து நின்னு, சிரிக்கறதா நெனச்சு பல்லக் காட்டி, ஷேக் ஹேண்ட் குடுக்கக் கைய நீட்டினான்.

இல்ல அண்ணி, அப்ப சிரிப்பு வரல. இப்பத்தான் வருது.

மேஸ்திரி அவன அந்தக் கையப் புடிச்சே தரதரன்னு இழுத்துட்டுப் போனான். புரட்டி எடுத்துட்டான். காதக் கடிச்சது அப்பத்தான். நான் கதவு பக்கம் ஓடினேன், டாக்டரம்மா பின்னாலேந்து என் இடுப்பக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. போனா உன்னையும் கிழிச்சுடுவான், போகாதன்னு கத்தறாங்க. நான் அவங்க கையக் கடிச்சுட்டேன். ஆமா, நெசமாத்தான் சொல்றேன், கடிச்சுட்டேன். தழும்பு இருக்கு, வேணும்னா கேட்டுப் பாருங்க, எல்லார்கிட்டயும் காட்டறாங்க. இங்க இத்தன வருஷமா இருக்கேன், என்னக் கடிச்ச ஒரே ஆளு இந்தம்மாதான்னு சொல்லுவாங்க.

அப்பத்தான் பெரியம்மா எறங்கி வந்தா. வயசானவ, ஒரு கண்ணு தெரியாது. ஏதோ மருந்துக் கம்பெனிக் கூண்டுல பாதி ஆயுசு போயிடுச்சாம். மெதுவா நடந்து வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்தா. அவ்வளவுதான். ஒண்ணும் பண்ணல, உக்காந்தா. மேஸ்திரி ரெண்டு சுத்து சுத்திட்டுப் போயிட்டான். தொரை ரத்தத்தோட கம்பிகிட்ட என்னத் தேடி வந்தான். நான் கைய நீட்டினேன். டாக்டரம்மா வேண்டாம்னு தலையாட்டினாங்க. பெரியம்மா பின்னாலயே வந்து அவன் காத நக்க ஆரம்பிச்சா. நான் நீட்டின கைய மடக்கிக்கிட்டேன். அது கஷ்டம் அண்ணி. சொன்னாப் புரியாது.

மறுநாள் தொரை தானா மேஸ்திரிகிட்டப் போனான். நல்லாக் குனிஞ்சான். அஹ் அஹ்னு மொனகினான். கொஞ்சம் தப்புத் தப்பாத்தான், புது பாஷ பேசற மாதிரி. மேஸ்திரி அவன் தலையில ஒரு தட்டு தட்டிட்டு நகந்து எடம் குடுத்தான். ஒரே ராத்திரியில எங்க கத்துக்கிட்டான்? எனக்கு உங்க மாமியார்கிட்ட உங்களப் பாத்த ஞாபகம்தான் வந்துது. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் நல்லாத்தான் குனிஞ்சீங்க.

என்ன? என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க.

கிளியா?

பஞ்சவர்ணக் கிளி. எவ்வளவு பெருசு? அவ்வளவு பெருசா. ஸ்டுடியோவுக்கா? தோள்ல வெச்சுப் படம் எடுக்கறதுக்கா. ஓகோ. எப்ப வாங்கினாரு? போன மாசமேவா. என்கிட்டச் சொல்லவே இல்ல. வாயத் தொறந்தா கத்துதா, அக்கம்பக்கம் சண்டைக்கு வருதா. அவரு வெரலக் கொத்திடுச்சா. எந்த வெரலு? கேமரா அமுக்கற வெரலா. ஐயோ.

ஆக, அவரு எளச்சுட்டாருன்னு நீங்க இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரல. கிளிக்கு ஆளு இல்லன்னு வந்திருக்கீங்க. இல்ல, மழுப்பாதீங்க, மொகத்துலயே தெரியுது. எனக்குக் கோவம் இல்ல அண்ணி. கிளி கூண்ட அள்ளறது தொரைய விடச் சுலபம்தான், அவரு கணக்கு சரிதான். அதுக்கு டையும் கட்ட வேண்டாம். என் தங்கச்சிக்கு அடுத்தது என் தம்பி கல்யாணம் வருது, அன்னிக்குக் கிளிக்கு வயித்தால போகும், அவ்வளவுதான்.

அந்த முட்டகோஸ இப்படித் தள்ளுங்க. தண்ணி குடிக்கறீங்களா? சரி.

என்ன கேட்டீங்க? புல்லுல நடக்கறான், மேஸ்திரிகூட ஒத்துமையா இருக்கான், நல்லாச் சாப்பிடறான், அப்புறம் என்னதான் பாக்கி, எதுக்கு இன்னும் பழகலன்னு சொல்றேன்னா?

அதுவா.

வந்த ஒரு வாரத்துலயே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவன உங்ககிட்டேந்து மெதுவாப் பிரிக்கணும், நீங்க இல்லாம இருக்க அவன் கத்துக்கணும், அதுதான் உங்க வேலைன்னு. என்னடா வேலை இதுன்னு இருந்துது. ஆனா பண்ணேன். மொதல்ல கம்பிக்கு இந்தப் பக்கம் அவன் கையப் புடிச்சுக்கிட்டு உக்காருவேன். அப்புறம் கை எட்டாத தூரத்துல நாற்காலி. அப்புறம் இன்னும் கொஞ்சம் பின்னால. நாற்காலி நகர நகர கத்துவான், தரையில உருளுவான், மரத்து மேல ஏறி நான் எங்கன்னு பாப்பான். பாத்தாத்தான் எறங்கிச் சாப்பிடுவான். அப்புறம் நாற்காலி தண்ணிப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வந்துடுச்சு. அப்பவும் மரத்துல ஏறிப் பாப்பான். நான் கையாட்டுவேன். அவனும் ஆட்டுவான்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மழ. சாதாரண மழ இல்ல, இடி மின்னலோட. தொரைக்கு இடின்னா உயிரு போயிடும், உங்களுக்கே தெரியும். ஸ்டுடியோல இருக்கறப்போ என் மடியில ஏறி மூஞ்சியப் பொதச்சுக்குவான், மழ விட்டாத்தான் எறங்குவான். நான் குடையத் தூக்கிட்டு ஓடினேன். செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு, விட்டுட்டு ஓடினேன். அங்க அந்தக் கொட்டகைக்குள்ள எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பெரியம்மா முதுகுக்கும் ரவுடி வயித்துக்கும் நடுவுல தொரை. நான் தண்ணிக்கு இந்தப் பக்கம் நின்னு தொரை, தொரைன்னு கூப்பிட்டேன். திரும்பினான். நம்ம ஊருக்குப் போகாத பஸ் வந்தா ஒரு பார்வ பாப்போம்ல, அப்படிப் பாத்தான். பாத்துட்டுத் திரும்பி, பெரியம்மா காதுல எதையோ தேட ஆரம்பிச்சுட்டான். அவ்வளவு இடிக்கும் நடுவுல.

அழுதேனான்னா அழுதேன். மழையில யாருக்குத் தெரியப் போகுது. அப்புறம் ரூமுக்குப் போயி தல தொவட்டி, டீ போட்டேன். உக்காந்து முழு டம்ளரையும் சூடாவே குடிச்சேன் அண்ணி. நடுவுல யாரும் கூப்பிடல. அந்த ருசியே எனக்கு மறந்து போயிருந்துது. ரெண்டாவதும் ஒண்ணு போட்டுக் குடிச்சேன்.

டாக்டரம்மாவுக்குத் தெரியும். மறுநாள் காலையில இந்தக் கத்தியக் கையில குடுத்து, சமையக்கட்டுக்கு ஆள் வேணும், இருக்கியான்னு கேட்டாங்க. இரு-ன்னு சொல்லல. இருக்கியான்னு கேட்டாங்க.

இல்ல, இந்த மாசம் இல்ல. அது போன வருஷத்து மழ. இப்ப அடுத்த மழையே வரப்போகுது, வானத்தப் பாருங்க. கொட குடுத்து அனுப்பறேன், திருப்பித் தர வேண்டாம்.

உங்க தம்பிக்குத் தெரியாது. போன் பண்ணா தொரை பழகிட்டானான்னு கேப்பாரு, இன்னும் இல்லன்னு சொல்லுவேன், வெச்சுடுவாரு. இந்த ஒரு வருஷத்துல வேற ஒண்ணும் கேக்கல அண்ணி. நீ எப்படி இருக்கன்னு ஒரு தடவ கேட்டிருந்தா, அன்னிக்கே சொல்லியிருப்பேன்.